எங்கள் ஆய்வக மாணவர்களுக்கு ஒரு பெரிய கைதட்டல்

இந்த வாரம் எங்கள் உயிரியல் ஆய்வகத்தில் ஒரே கொண்டாட்டம். முனைவர் பட்ட மாணவி ஒருவரின் முதல் கட்டுரை ஏற்கப்பட்டிருக்கிறது, இன்னொருவருக்குச் சிறந்த போஸ்டர் பரிசு, அப்புறம் இளங்கலை மாணவி ஒருத்தி தனியாகச் செய்த பிசிஆர் (டிஎன்ஏவின் ஒரு பகுதியைப் பல மடங்கு பெருக்கும் முறை) முதல்முறையாகச் சரியாக வந்துவிட்டது. எனக்கு இந்தக் கடைசிச் செய்தியில்தான் சந்தோஷம் அதிகம். புற ஊதா விளக்கைப் போட்டதும், டிஎன்ஏ துண்டுகளை அளவுவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் எதிர்பார்த்த இடத்திலேயே ஒற்றைப் பட்டை பளிச்சென்று தெரிந்தது. ஒப்பிட்டுப் பார்க்க வைத்த, டிஎன்ஏ சேர்க்காத கன்ட்ரோல் வரிசையில் ஒன்றுமே இல்லை. வேறு டிஎன்ஏ கலந்துவிடவில்லை என்று காட்டும் அந்த வெறும் வரிசைதான் முடிவை நம்பவைக்கிறது, அதை அவளே முதலில் சுட்டிக்காட்டினாள்!

மாணவர்தானே என்று யாரும் இளப்பமாக நினைத்துவிட வேண்டாம். பழ ஈயை வைத்து குரோமோசோமில் மரபணுக்கள் இருக்கும் வரிசையைக் காட்டும் உலகின் முதல் மரபணு வரைபடத்தைப் போட்டபோது ஆல்ஃபிரட் ஸ்டர்டெவன்ட், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் மரபியலாளர் தாமஸ் ஹன்ட் மார்கனின் ஆய்வகத்திலிருந்த இளங்கலை மாணவர். 1913இல் அது கட்டுரையாக வந்தது. டிஎன்ஏவின் இரட்டைச் சுருள் வடிவத்தைக் கண்டறிய உதவிய, புகழ்பெற்ற 51ஆம் எண் எக்ஸ்-கதிர் படத்தை 1952இல் எடுத்ததும் விஞ்ஞானி ரோசலிண்ட் ஃபிராங்ளினிடம் ஆய்வு செய்துகொண்டிருந்த முனைவர் பட்ட மாணவர் ரேமண்ட் காஸ்லிங்தான்.

அதனால் கட்டுரை வரட்டும் என்று காத்திருக்காமல் இப்போதே பாராட்டிவிடுகிறோம். ஜெல் படத்தை அச்செடுத்து ஆய்வகக் கதவில் ஒட்டியாகிவிட்டது, அடுத்த வாரக் கூட்டத்தில் முதலில் பேசப்போவதும் அந்த இளங்கலை மாணவிதான்.