என்ஜினை அணைத்துவிட்டு இறங்குங்கள்

டெல்டா கிராமங்களில் டிராக்டர் ஓட்டுநர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்கப் போன புதிதில், என் முதல் பாடம் ஒரே வரிதான். டிராக்டரின் பின்னால் மாட்டி, சுழலும் கத்திகளால் மண்ணைக் கிளறும் ரொட்டவேட்டரில் எது சிக்கினாலும், என்ஜினை அணைத்த பிறகே சீட்டை விட்டு இறங்க வேண்டும். எல்லோரும் தலையாட்டினார்கள். மதியம் வயலுக்குப் போனால், கத்திகளில் சுற்றிக்கொண்ட வைக்கோலை ஒருவர் குனிந்து பிடுங்கிக்கொண்டிருக்கிறார். என்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது.

எனக்கு வந்த கோபத்தை அடக்கிக்கொண்டு, ஏன் அண்ணே என்று கேட்டேன். இருபது வருஷமாக ஓட்டுகிறவர். நிதானமாகச் சொன்னார்: "அணைச்சா திரும்ப ஸ்டார்ட் ஆகாது சார். பேட்டரி வீக்கு. நடுவயல்ல நின்னுட்டா ஓனருக்கு யாரு பதில் சொல்றது?"

அதுவரை எனக்கு இது உறைக்கவே இல்லை. அபாயம் தெரியாமல் அவர் கையை விடவில்லை. வாடகை மணிக்கணக்கு. வண்டி நின்றால் வயல்காரர் கேட்பார், ஓனரும் கேட்பார். நான் அவருக்கு அறிவுரைதான் சொல்லியிருந்தேன். அவருக்குத் தேவைப்பட்டது ஒரு நல்ல பேட்டரி.

அன்றிலிருந்து பயிற்சியைப் பேட்டரியில்தான் தொடங்குகிறேன். டெர்மினலில் பூத்திருப்பதைச் சுரண்டி, டிஸ்டில்ட் வாட்டர் அளவு பார்த்து, செல்ஃப் ஒரே தடவையில் எடுக்கிறதா என்று சோதிப்போம். அப்புறம்தான் பி.டி.ஓ., அதாவது என்ஜினின் சுழற்சியைப் பின்னால் மாட்டிய ரொட்டவேட்டருக்குக் கொண்டுபோகும் அமைப்பு.

பி.டி.ஓ. தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று சுற்றும், நொடிக்கு 9. வெறும் தண்டின் தடிமன் 35 மில்லிமீட்டர்தான். அதிலேயே நொடிக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் துணி சுற்றிக்கொள்ளும். ஜாயின்ட் இருக்கும் இடம் இன்னும் தடிமன், அங்கே இன்னும் வேகமாக இழுக்கும். இதை வாயால் சொன்னால் நிற்காது. பழைய சட்டையில் வைக்கோல் திணித்து, என்ஜின் அணைந்திருக்கும்போதே அதன் கை நுனியைத் தண்டில் கட்டுவேன். எல்லோரையும் தூரமாக நிறுத்திவிட்டுப் பி.டி.ஓ.வைப் போடச் சொல்வேன். அது முடிந்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேச மாட்டார்கள். பிறகு தண்டுக்கு மேலே போட வேண்டிய பிளாஸ்டிக் கவரைப் பற்றிக் கேட்பேன். கிரீஸ் அடிக்கக் கழற்றியது, திரும்ப மாட்டவில்லை, கொட்டகையில் கிடக்கிறது என்பார்கள். எல்லா ஊரிலும் இதே பதில்தான்.

சேற்றில் புதைந்த வண்டிக்குச் சக்கரத்தின் குறுக்கே கட்டை கட்டி முன்னால் எடுப்பதைப் பற்றியும் கட்டாயம் பேசுவேன். சக்கரம் சுழல முடியாமல் சிக்கினால், அந்த விசை முன்பக்கத்தைத் தூக்கிவிடும். கிளட்சை மிதிக்க நினைப்பதற்குள் வண்டி பின்னால் மல்லாந்திருக்கும். ரிவர்ஸில் எடுத்துப் பாருங்கள், இல்லையென்றால் இன்னொரு வண்டியை வரச் சொல்லுங்கள். மேலே இருக்கும் டாப் வெயிலுக்குப் போட்டது, கவிழ்ந்தால் தாங்காது. சுவீடனில் 1959-லேயே புது டிராக்டர்களுக்குக் கவிழ்ந்தாலும் நசுங்காத சட்டகத்தைக் கட்டாயமாக்கிவிட்டார்கள் என்பதை நினைத்தால் மனசு ஆறுவதில்லை.

இப்போது முதல் அரைமணி நேரத்துக்கு ஓனர்களையும் வரச் சொல்கிறேன். பாதிப் பேர் வருவதில்லை. போன குறுவைக்கு முன் ஒருவர் வந்தார். கடைசி வரிசையில் உட்கார்ந்து ஒன்றும் பேசாமல் கேட்டார். சாப்பாட்டு இடைவேளையில் தன் வண்டியின் பேட்டரியைக் கழற்றி, பைக்கில் வைத்துக் கட்டிக்கொண்டு டவுனுக்குக் கிளம்பினார்.