பின்னேரம் ஐந்து மணிக்கு எங்கே இருப்பாய்?

மாமியின் மகளுக்கு ஏ.எல் (உயர்தரப் பரீட்சை) பெறுபேறு வந்து மூன்று வாரமாகிறது. கணிதப் பிரிவு, மூன்று பாடமும் நல்ல சித்தி, ஆனால் அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்குப் போன வருடம் இருந்த வெட்டுப்புள்ளியோடு பார்த்தால் கொழும்பு மாவட்டத்துக்கு அவளுடைய இசட் புள்ளி, அதாவது அனுமதிக்குப் பார்க்கிற புள்ளி, காணாது. அகில இலங்கைத் திறமைக்கு 40 வீதம், மாவட்டங்களுக்கு 55 வீதம் என்று இடங்களைப் பிரிக்கிற முறையில் கொழும்புப் பிள்ளைகளுக்கு இது புதிதில்லை. அதனால் வெள்ளவத்தை வீட்டில் இப்போது எந்த நேரமும் தனியார் கம்பஸ் பேச்சுதான். மாமா பீஸ் கணக்கு எழுதுகிறார், மாமி படிப்பு எப்படி, வேலை கிடைக்குமா என்று கேட்கிறா, மச்சாள் ஒவ்வொரு இடத்தின் கலைவிழாப் படமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். மூன்று பேர் கேட்பதும் சரிதான். ஆனால் யாரும் தூரத்தைப் பற்றிப் பேசவில்லை.

நான் படித்த இடம் நகரத்துக்கு வெளியே. நல்ல லெக்சரர்மார், பெரிய நூலகம், குறை சொல்ல முடியாது. காலை ஐந்தே முக்காலுக்கு வீட்டை விட்டு இறங்கி இரண்டு பஸ் மாறினால்தான் எட்டு மணி வகுப்புக்குப் போகலாம். நாலு மணிக்கு வகுப்பு முடிந்ததும் பஸ்ஸுக்கு ஓடுவேன், கொஞ்சம் பிந்தினாலும் அப்பாவின் கோல் வந்துவிடும். மற்றவர்கள் கன்டீனில் இருந்து அசைன்மென்டைப் பிரித்துக்கொள்வார்கள், விளங்காத கணக்கை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பார்கள், எந்தக் கம்பனி இன்டர்ன்ஷிப்புக்கு ஆள் எடுக்கிறது என்று பேசுவார்கள், அப்புறம் நாடகப் பயிற்சிக்குப் போவார்கள். எனக்கு அதெல்லாம் அடுத்த நாள் வாட்ஸ்அப்பில் அரையும் குறையுமாக வரும். நட்பை மட்டுமில்லை, படிப்பில் பாதியையும் நான் பஸ்ஸில் விட்டுவிட்டேன், இன்றைக்கும் அது மனதுக்குள் கிடக்கிறது.

காசு விஷயம் இன்னும் கடுமையானது. எங்கள் பீஸில் ஒரு பகுதி ரூபாவில், மற்றப் பகுதி பட்டம் தருகிற இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்துக்குப் பவுணில். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 அளவுக்குப் போனபோது பவுணும் கூடவே ஏறியது. அப்பா கடைசி வருடத்துக்கென்று பாங்கில் போட்டு வைத்த காசு போதவில்லை, அம்மாவின் இரண்டு காப்பும் அடகுக்குப் போனது. அதனால்தான் மாமாவிடம் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: முதல் வருடக் கட்டணத்தை மட்டும் பார்த்து மகிழாதீங்கோ, எந்த வருடம் எந்தக் காசில் கட்ட வேண்டும் என்று எழுத்தில் வாங்குங்கோ, பட்டத்தை யார் தருகிறார்கள், பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு அதை ஏற்கிறதா என்றும் கேளுங்கோ. அரசாங்கத்தின் வட்டியில்லா மாணவர் கடன் குறிப்பிட்ட நிறுவனங்களின் குறிப்பிட்ட பாடநெறிகளுக்குத்தான், அதையும் இப்போதே விசாரித்துவிட வேண்டும்.

கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கணினிக் கல்லூரி நடத்துகிற பி.ஐ.டி என்கிற தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டத்தை எங்கள் வீட்டில் யாரும் கணக்கில் எடுக்கவே இல்லை. என் சிநேகிதி ஒருத்தி வேலை செய்துகொண்டே அதை முடித்தாள், தனியார் கம்பஸோடு பார்த்தால் அவளுக்கு ஆன செலவு மிகக் குறைவு. தனியாக இருந்து படிக்கிற பழக்கம் உள்ள பிள்ளைக்கு நான் முதலில் சொல்வது அதைத்தான், அடுத்தது நாவல திறந்த பல்கலைக்கழகம். மச்சாள் அப்படியில்லை. நாலு பேரோடு சத்தமாகக் கதைத்தால்தான் அவளுக்குப் பாடம் மண்டையில் ஏறும். அவளைத் தனியே மேசையில் இருத்தினால் வாடிப் போவாள்.

இப்போது இரண்டு இடம் மிச்சம். கொழும்பு நகரத்துக்கு வெளியே மாலபேயில் ஒன்று, பீஸ் குறைவு, மைதானம் இருக்கிறது. மற்றது வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம், பீஸ் கூட. மாமா மாலபே என்கிறார். நான் இன்னும் சரி சொல்லவில்லை, போர்டிங் எடுத்தால் பீஸில் மிச்சமாகிற காசு அதிலேயே போய்விடும், எடுக்காவிட்டால் என்னைப் போல நாலு மணிக்கு ஓட வேண்டும். வருகிற செவ்வாய்க்கிழமை காலை ஆறரைக்கு நானும் அவளும் கொள்ளுப்பிட்டியில் மாலபே போகிற 177 பஸ்ஸில் ஏறப்போகிறோம். பின்னேரம் ஐந்து மணி வரை அங்கே கன்டீனில் இருந்து, வேலை விட்டு வருகிற கூட்டத்தோடு கூட்டமாகத் திரும்பி வருவோம். வீட்டு வாசலில் கால் வைக்கும்போது மணி எத்தனை என்று அவளே மாமாவிடம் சொல்லட்டும்.