பார்லர் பெஞ்சுல கத்துக்கிட்ட சுருட்டை முடி விஷயம்

பாண்டில முத்தியால்பேட்டை பக்கம் ஒரு சின்ன லேடீஸ் பார்லர்ல வேலை பாக்குறேன். பியூட்டீஷியன் கோர்ஸ்ல சுருட்டை முடியை எப்படி நேராக்குறதுன்னு மட்டும் தான் சொல்லிக் குடுத்தாங்க, சுருட்டையாவே எப்படி நல்லா வச்சுக்கறதுன்னு ஒரு கிளாஸ் கூட எடுக்கல. அதை நான் கத்துக்கிட்டது முழுக்க கஸ்டமருங்க கிட்ட தான், அவங்க பெஞ்சுல உக்காந்து ஒருத்தருக்கொருத்தர் பேசிக்கறதை கேட்டுக் கேட்டு.

கடலூர் ஓல்ட் டவுன்லேர்ந்து ஒரு பொண்ணு வந்திருந்தா, நல்ல அடர்த்தியான சுருட்டை, இன்டர்வியூக்கு போறாளாம். "ஸ்ட்ரெய்ட்டனிங் பண்ணி விட்டுடுங்கக்கா, எல்லாரும் பரட்டை பரட்டைன்றாங்க"ன்னா, சொல்றப்பவே குரல் இறங்கிடுச்சு. த்ரெட்டிங்க்கு காத்திருந்த ஒரு டீச்சரம்மா, அவங்களுக்கும் சுருட்டை தான், "காஞ்ச தலைல சீப்பு போடுவியாம்மா?"ன்னு கேட்டாங்க. ஆமான்னா. "அதான் அப்படி பறக்குது, உன் முடி மேல ஒரு குறையும் இல்ல"ன்னு சொல்லிட்டு எழுந்து பேசின் கிட்டயே வந்துட்டாங்க.

அவங்க சொல்லச் சொல்ல நான் செஞ்சேன். கண்டிஷனரை தாராளமா போட்டு தண்ணி சொட்டும்போதே விரலால சிக்கெடுத்து, அப்புறம் பெரிய பல் சீப்பால நுனிலேர்ந்து ஆரம்பிச்சு கொஞ்சம் கொஞ்சமா மேல ஏறி, அலசிட்டு ஈரத்தோட ஜெல் தடவி, உள்ளங்கைல முடியை ஏந்தி மேல தூக்கி தூக்கி கசக்கி விடணும், துண்டால தேய்க்காம பழைய காட்டன் டீ-ஷர்ட்டால ஒத்தி எடுக்கணும், காயுற வரைக்கும் கையே வைக்கக் கூடாது. காஞ்சதும் ஜெல் மொறமொறன்னு நிக்கும், பயப்பட வேணாம், ரெண்டு சொட்டு தேங்கா எண்ணெயை கைல தேச்சுட்டு கசக்கினா மெத்துன்னு ஆயிடும். அந்த பொண்ணு பின்னந்தலையை வீடியோ எடுக்கச் சொல்லி அங்கேருந்தே அவங்கம்மாவுக்கு அனுப்பினா. ஸ்ட்ரெய்ட்டனிங் காசு கடைக்கு வரல, எனக்கு அன்னிக்கு அவ்ளோ சந்தோஷம்.

இதுக்கெல்லாம் காரணம் இருக்கு. தலைல ஊறுற எண்ணெய் நேர் முடில சுலபமா நுனி வரைக்கும் இறங்கிடும், சுருட்டைல வளைவு வளைவா இருக்கறதால இறங்காது, அதனால நுனி எப்பவும் வறண்டு கிடக்கும். நம்ம ஊர் கடல் காத்து வேற, அந்த ஈரப்பதத்தை வறண்ட முடி உறிஞ்சிக்கிட்டு உப்பிடும். கிளிசரின் நிறைய இருக்குற ஜெல் இந்த காத்துல சில பேருக்கு இன்னும் உப்ப வைக்கும், வாங்குறப்ப பின்னாடி லேபிளை படிச்சுடுங்க. போர் தண்ணி உப்பா இருந்தா கடைசி ரெண்டு சொம்பு மட்டும் நல்ல தண்ணில அலசுங்க.

வேலை செய்றவளா இன்னொன்னும் சொல்லணும். முடியை வழவழன்னு ஆக்குற சில கெரட்டின், ஸ்மூத்தனிங் மருந்துல அயர்ன் சூடு பட்டதும் ஃபார்மால்டிஹைட் புகையா வரும். உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004லயே அதை மனுஷங்களுக்கு புற்றுநோய் உண்டாக்குற பொருள்னு சொல்லிடுச்சு. கஸ்டமர் எப்பவோ ஒரு தடவை சுவாசிக்கறாங்க, பார்லர்ல நிக்கிற பொண்ணுங்க தினமும். மருந்து போட்டு நேராக்குற ரீபாண்டிங் பண்ணாலும் வேர்லேர்ந்து புதுசா வர்றது சுருட்டையா தான் வரும், திரும்ப திரும்ப பண்ணிக்கிட்டே இருக்கணும். பண்ணியே ஆகணும்னு முடிவோட வர்றவங்களுக்கு பண்ணி விடுறேன், அது அவங்க இஷ்டம். ஆனா யாரோ பரட்டைன்னு சொன்னாங்கன்றதுக்காக வந்தா, முதல்ல உக்கார வச்சு பேசுறேன், இன்னொரு சுருட்டைமுடிக்காரங்க அந்த நேரத்துக்கு கடைல இருந்தா அவங்களையே பேச விடுறேன். நேர் முடி வச்சிருக்க நான் சொல்றதை விட அவங்க சொன்னா தான் மனசுல இறங்குது.

வீட்டுலயே பண்ணி தலைல தடவுற ஆளி விதை ஜெல்லும் அந்த டீச்சரம்மா சொன்னது தான். ரெண்டு கப் தண்ணில கால் கப் விதை போட்டு கிண்டிக்கிட்டே கொதிக்க விட்டு, முட்டை வெள்ளைக்கரு மாதிரி கொழகொழன்னு வந்ததும் சூட்டோடயே வடிகட்டிடணும், ஆறிட்டா துணில இறங்கவே இறங்காது. ஃப்ரிட்ஜ்ல வச்சு ஒரு வாரத்துக்குள்ள முடிச்சுடுங்க.

இப்பல்லாம் அம்மாங்க சின்ன பொண்ணுங்களையும் கூட்டிட்டு வர்றாங்க. ஸ்கூலுக்கு ரெட்டை ஜடை போட்டே ஆகணும், காலைல அவசரத்துல காஞ்ச முடியை இழுத்து சீவி புள்ள அழுவுது. முந்தின நாள் சாயங்காலமே நனைச்சு, கண்டிஷனர் போட்டு சிக்கெடுத்து அலசி, நல்லா காஞ்சதும் தளர்வா பின்னி தூங்க வைங்க. காலைல லேசா தண்ணி தொட்டு ஓரத்தை மட்டும் நீவி ரிப்பனை கட்டிடலாம், சீப்பே வேணாம்.