பாதியிலயே நின்ன பெட்ரோல் முள்ளு

ஏற்காடு ரோட்ல 14வது ஹேர்பின் தாண்டி கொஞ்ச தூரம் போனதும் வண்டி ரெண்டு தடவ இருமுச்சு, அப்படியே நின்னுருச்சு. பெட்ரோல் முள்ளு மட்டும் பாதி டேங்க்ல ஜம்முனு நிக்குது. பக்கத்துல மாமனார், பின்னாடி மாமியாரும் வீட்டுக்காரியும். "மாப்ள, பெட்ரோல் இருக்குல்ல?"ன்னாரு. "பாதி இருக்கு மாமா, முள்ள பாருங்க"ன்னு தெனாவட்டா காட்டுறேன் நானு. அரை மணி நேரம் ஸ்பார்க் பிளக்கு, ஃபியூஸுன்னு எதையெதையோ நோண்டிட்டு இருந்தேன், கடசில மேல இருந்து பைக்ல வந்த ஒரு எஸ்டேட் தம்பி டேங்க் மூடிய தொறந்து காத வச்சு கேட்டுட்டு "அண்ணா, உள்ள ஒண்ணுமே இல்லண்ணா, வண்டிய ஆட்டுங்க, சலசலப்பே வரல"ன்னான். அவன் பைக்ல இருந்து தண்ணி பாட்டில்ல ஒரு லிட்டர் புடிச்சு ஊத்துனதுல தான் வண்டிய திருப்பி இறங்குனோம். இருநூறு குடுத்தா நூறு போதும்ணான்னு மீதியத் திருப்பிக் குடுத்துட்டான்.

வண்டி மாமாவோடது, 2008 மாடல், 35 லிட்டர் டேங்க். அம்மாபேட்டைல வீட்டு வாசல்ல பத்து மாசமா ஓடாம நின்னது, நான் தான் பேட்டரி மாத்தி எடுத்தேன். அந்த பத்து மாசம் தான் வில்லன்னு அப்ப தெரியல.

மறுநாள் தெரிஞ்ச மெக்கானிக்கிட்ட விட்டா, பானட்டக் கூட தொறக்காம "மீட்டர் போயிருச்சுண்ணா, செகண்ட்ஸ்ல மீட்டர் போர்டு 3500 ஆவும்"ன்னாரு. எனக்கு மனசு ஒப்பல. ஏன்னா டெம்பரேச்சர் முள்ளு ஒழுங்கா ஏறி இறங்குது, அதுவும் அதே போர்டுல தான இருக்கு, ஒரே கரண்டு தான போவுது.

வீட்டுக்கு வந்து பின் சீட்ட தூக்கிட்டேன். அடில தகர மூடி, நாலு ஸ்குரூ, அதுக்குக் கீழ பம்ப்போட தலை, அதுல ஒரு கனெக்டர். நாலு ஒயர், ரெண்டு தடியா இருக்கும், அது பம்ப்புக்கு, அதுல கை வைக்கக்கூடாது, சாவி போட்டதும் 12 வோல்ட் வரும். ஒல்லியா இருக்குற ரெண்டு தான் டேங்க் யூனிட்டுக்கு, அதாங்க உள்ள மிதவை கட்டுன கம்பி ஒண்ணு ஏறி இறங்குமே அது. பெட்ரோல் ஏறுனா மிதவை ஏறும், கம்பியோட மறுமுனைல இருக்குற சின்ன தகடு ஒரு பட்டை மேல தேச்சுக்கிட்டே நகரும், அதுக்கேத்த மாதிரி ஓம், அதாவது கரண்டத் தடுக்குற அளவு, மாறும், அத வச்சு தான் முள்ளு ஆடுது.

கனெக்டரக் கழட்டிட்டு சாவி போட்டேன், முள்ளு மெதுவா காலிக்கு இறங்குச்சு. அப்புறம் வண்டிப் பக்கம் இருக்குற ரெண்டு ஒல்லி ஒயரையும் ஒரு துண்டு ஒயரால கொஞ்ச நேரம் சேத்தேன், முள்ளு ஃபுல்லுக்குப் போச்சு. அவ்ளோ தான், மீட்டர் நல்லாருக்கு, ஒயரிங் நல்லாருக்கு, 3500 மிச்சம். (சில வண்டில இது தலைகீழா இருக்கும், புது வண்டிங்கள்ல கம்ப்யூட்டர் வழியா போறதால இந்த வேலைய பண்ணவே பண்ணாதீங்க, ஸ்கேனர் போட்டுப் பாருங்க.) யூனிட் பக்கம் மல்டிமீட்டர (ஓம் அளக்குற கருவி) வச்சா 46 ஓம். பங்க்குல போய் அஞ்சு லிட்டர் போட்டு வந்து மறுபடி வச்சா, அதே 46. செத்த பாம்பு மாதிரி அசையல.

டேங்க கொஞ்சம் காலியாவே வச்சுக்கிட்டு ஞாயித்துக்கிழம வாசல்லயே வேலைய ஆரம்பிச்சேன், உள்ள ஷெட்ல வேணாம், பெட்ரோல் வாசம் கீழயே தேங்கி நிக்கும். மொதல்ல பம்ப் ஃபியூஸப் புடுங்கிட்டு இன்ஜின அதுவா ஆஃப் ஆகற வரைக்கும் ஓட்டுனேன், பைப்புல இருக்குற பிரஷர் போகணும்ல, இல்லன்னா கழட்டும்போது மூஞ்சில அடிக்கும். அப்புறம் பேட்டரி மைனஸக் கழட்டியாச்சு. தலையச் சுத்தி எட்டாம் நம்பர் நட்டு வரிசையா, கழட்டறதுக்கு முன்னாடி பிரஷ்ஷால மண்ண துடைச்சேன், இல்லன்னா அம்புட்டும் டேங்க்குக்குள்ள தான் விழும். மாமா எட்ட நின்னு "பீடிய அணைச்சிட்டேன் மாப்ள"ன்னு ரெண்டு தடவ சொன்னாரு.

வெளிய எடுத்தா விஷயம் புரிஞ்சிருச்சு. கம்பி சுத்தற எடத்துல பழுப்பா, வெல்லப்பாகு காஞ்ச மாதிரி ஒரு பிசின், நின்னு போன பழைய பெட்ரோல் காஞ்சது. கையால அமுக்குனா தான் கம்பி இறங்குது, தூக்கி விட்டா அங்கயே நிக்குது. கார்ப் கிளீனர் (கார்புரேட்டர் சுத்தம் பண்ற ஸ்ப்ரே) அடிச்சதும் லூசாயிருச்சு, சரி காசு மிச்சம்னு சந்தோசப்பட்டேன், ஆனா மல்டிமீட்டர வச்சுக்கிட்டு கம்பிய மெதுவா மேலயும் கீழயும் நகத்துனா ரெண்டு எடத்துல ரீடிங்கே வரல, பட்டை தேஞ்சு கோடு விழுந்து கிடக்கு. இதயே மாட்டிருந்தா முள்ளு நல்லா ஓடிக்கிட்டே திடீர் திடீர்னு காலிக்கு விழும், அது இன்னும் தலைவலி.

டவுன்ல ஸ்பேர்ஸ் கடைல பம்ப்போட முழு செட்டு தான் இருக்கு, 3800ன்னாங்க. மூணாவது கடைல தான் யூனிட் மட்டும் 650க்குக் கிடச்சுது, பழச கைல கொண்டு போனதால தான். கடைலயே மல்டிமீட்டர வச்சுப் பாத்துட்டு வாங்குனேன், கம்பி கீழ இருந்தா 97, மேல தூக்குனா 8, நடுவுல எங்கயும் துள்ளல. கடைக்காரர் ஒரு மாதிரியாப் பாத்தாரு, பாக்கட்டும். ரப்பர் கேஸ்கெட்டும் புதுசா 120க்கு வாங்கிக்கிட்டேன், பழசு பெட்ரோல்ல ஊறி பெருசாயிருந்தது, திரும்ப உக்காரல.

மாட்டும்போது கம்பிய சாச்சு மெதுவா எறக்கணும், அழுத்துனா வளஞ்சிரும், அப்புறம் மிதவை டேங்க் சுவத்துல முட்டி திரும்ப பாதில தான் நிக்கும். ஃபியூஸும் மைனஸும் போட்டு, சாவிய ரெண்டு மூணு தடவ போட்டு பம்ப் ஓட விட்டு, கையால தடவிப் பாத்தேன், ஈரம் இல்ல. பத்து லிட்டர் போட்டதும் முள்ளு கால் டேங்க்ல இருந்து மெல்ல ஏறுச்சு.

போன வாரம் திரும்ப ஏற்காடு போனோம், மேட்டுல பெட்ரோல் பின்னாடி சாயறதால முள்ளு லேசா ஆடுது, சமதளம் வந்ததும் சரியாயிடுது. கோரிமேட்டுக்குக் கிட்ட போறப்ப ஒரு பங்க்கப் பாத்ததும் "நிறுத்துங்க மாப்ள"ன்னாரு மாமா. முக்கால் டேங்க் இருக்கு மாமா, முள்ள பாருங்கன்னேன். "அத தான அன்னைக்கும் பாக்கச் சொன்னீங்க"ன்னாரு. நிறுத்தி ரொப்பிக்கிட்டேன்.