உலகமே அந்த வழியாத்தான் வருது

எங்கள் முந்திரி ஆலை முதலாளி கேட்டது ஒரே ஒரு கேள்வி. "நம்ம அண்டி அந்த வழியாவாடே வருது?"

எங்கள் பக்கத்தில் அண்டி என்றால் ஓட்டோடு இருக்கிற முந்திரிக்கொட்டை. 2023 டிசம்பர், கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் இருக்கும். நான் எழுதிக் கொடுத்த ஒரு பக்கக் குறிப்பு அவர் மேசையில் கிடந்தது. நவம்பர் 19 அன்று ஏமன் நாட்டு ஹவுதி கிளர்ச்சிக்காரர்கள் செங்கடலில் கேலக்ஸி லீடர் கப்பலைப் பிடித்துக்கொண்டு போனது, மெர்ஸ்க் மாதிரி பெரிய கம்பெனிகளே செங்கடல் பக்கம் கப்பல் விடுவதை நிறுத்தி வைத்தது, உலக வணிகத்தில் ஏறத்தாழ 12 சதவீதம் செங்கடல், சூயஸ் கால்வாய் வழியாகப் போவது, அதை விட்டு ஆப்பிரிக்காவின் தெற்கே நன்னம்பிக்கை முனையைச் சுற்றினால் பத்து நாளுக்கு மேல் கூடுவது, எல்லாம் அதில் இருந்தது. கடைசி வரியில், கையிருப்பு அண்டியை இழுத்துப் பிடித்து உடைப்பது நல்லது என்று எழுதியிருந்தேன்.

நான் சொன்ன பதில்: "உலகமே அந்த வழியாத்தான் முதலாளி வருது."

சொன்னதும் எனக்கே அந்த வரி பிடித்துவிட்டது. அவருக்கும் பிடித்தது. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "அப்ப மூணு நாள் வேல போதும்" என்றார். கிறிஸ்துமஸ் கழிந்ததும் நோட்டீஸ் ஒட்டினோம். ஆறு நாள் வேலை மூன்று நாளானது. பிப்ரவரி கடைசி வரைக்கும் அப்படியே ஓடியது.

அவர் உலகத்தைப் பற்றிக் கேட்கவில்லை, நம்ம அண்டியைப் பற்றிக் கேட்டார். பதில் என் அலமாரியிலேயே இருந்தது. அந்த சீசனுக்கு நாங்கள் வாங்கியிருந்தது தான்சானியா அண்டி. பில் ஆஃப் லேடிங் என்கிற கப்பல் சரக்கு ரசீதில் ஏற்றிய துறைமுகம் மித்வாரா என்று தெளிவாக அடித்திருக்கும், அதை ஃபைலில் கோத்தவனே நான்தான். மித்வாராவிலிருந்து தூத்துக்குடிக்கு மேப்பில் விரலை வைத்து இழுத்தால் இந்தியப் பெருங்கடலைக் குறுக்கே தாண்டி வந்துவிடலாம். செங்கடல் வடக்கே எங்கேயோ கிடக்கிறது. ஜனவரியில் அந்தக் கன்டெய்னர்கள் சொன்ன தேதிக்கு நாலு நாள் பிந்தி வந்து சேர்ந்தன. நாலு நாள் எப்போதுமே பிந்தும்.

அதற்காக நான் சொன்னது முழுக்கப் பொய்யும் இல்லை. பருப்பு போகிற வழி அதுதானே? நெதர்லாந்தின் ராட்டர்டாமுக்கு அனுப்ப வேண்டிய ஒரு கன்டெய்னர் டபிள்யூ 320 ரகப் பருப்புக்கு ஜனவரியில் கேட்ட வாடகை, பழைய வாடகையில் இரண்டு மடங்கைத் தாண்டியது. அது ஆப்பிரிக்காவைச் சுற்றித்தான் போய்ச் சேர்ந்தது. எங்கள் சரக்கில் பெரும்பங்கு வடக்கே, உள்நாட்டுக்குப் போகிறது என்பது வேறு விஷயம். அதைக் குறிப்பில் எழுதவில்லை. எழுதினால் குறிப்பு அவ்வளவு கனமாக இருந்திருக்காது.

ஏன் அவ்வளவு அவசரப்பட்டேன் என்றால் அதற்கும் ஒரு கதை உண்டு. 2020 ஜனவரியில் சீனாவில் நடப்பதைப் படித்துக்கொண்டுதான் இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. நம்மை எங்கே பாதிக்கப்போகிறது என்ற எண்ணம்தான். மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தபோது வறுத்த அண்டி ஹாலில் குவிந்து கிடந்தது, உடைக்க ஆள் வர வழியில்லை. "தினமும் பேப்பர் படிக்கியவன் நீதானடே? ஒரு வாக்கு சொன்னியா?" என்று எல்லார் முன்னாலும் முதலாளி கேட்டார். அன்றைக்கு மண்டையில் ஏறியதுதான். இனிமேல் எதையும் பார்த்துவிட்டுச் சும்மா இருப்பதில்லை என்று முடிவு செய்தேன். 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் போனபோதும் ஓடிப் போய்ச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார், ஒன்றும் செய்யவில்லை. 2023இல் செய்தார்.

மூன்று நாள் வேலை என்பது எனக்கு ஒரு வரிச் செய்தி. உடைக்கிற ஹாலில் இருக்கிறவர்களுக்கு அப்படி இல்லை, அவர்களுக்குக் கிலோ கணக்கில் கூலி. எங்கள் ஹாலில் ஒரு அக்கா உண்டு, கல்லுக்கூட்டம் பக்கத்திலிருந்து வருவார். சாம்பலில் கையைத் தோய்த்து, கட்டையில் வைத்து ஒரே அடி, பருப்பு முழுசாக வெளியே வந்துவிடும். சுண்டுவிரல் தவிர மற்ற விரல்களில் எல்லாம் அண்டி எண்ணெய் தின்ற கறுப்பு. தினமும் சாயங்காலம் வாசலில் நின்று என்னிடம் ஒரே கேள்வி கேட்பார்: "நாளெ வேல உண்டா சாரே?"

2024 ஆகஸ்டில் அவருக்குக் கர்ப்பப்பை ஆபரேஷன். தொழிலாளர் காப்பீடான இஎஸ்ஐயில் சிகிச்சை நடந்தது. படுத்திருந்த நாட்களுக்கு வர வேண்டிய 70 சதவீதக் கூலி வரவில்லை. அந்தப் பணம் வேண்டுமென்றால் அதற்கு முந்தின அக்டோபர் தொடங்கி மார்ச் வரைக்குமான ஆறு மாதத்தில் 78 நாள் சந்தா கட்டியிருக்க வேண்டும். அவருக்கு இருந்தது 74. பதிவேட்டை எடுத்துக் கூட்டியவன் நான்தான்.

அந்த நாலு நாளை எத்தனையோ விதமாகக் கூட்டிப் பார்த்திருக்கிறேன். மற்ற லீவுகள் போக, ஊர்த் திருவிழாவுக்கு ஐந்து நாள் லீவு எடுத்திருக்கிறார், பேத்தி சடங்குக்கு இரண்டு. அவை இல்லாமல் இருந்திருந்தால் 78 தாண்டியிருக்கும். சரி, நோட்டீஸ் இல்லாமல் இருந்திருந்தாலும் தாண்டியிருக்குமே, அதுவும் எவ்வளவோ தாராளமாக. இந்தக் கணக்கை அவரிடம் நான் சொன்னதில்லை. "எனக்க தலையெழுத்து சாரே, ஒங்களுக்க தப்பா?" என்று அவர் கேட்டபோது இல்லை என்று தலையாட்டினேன்.

இதில் இன்னொரு கூத்து. மேற்கு ஆப்பிரிக்க சீசனுக்கு முன்கூட்டி ஒப்பந்தம் போட வேண்டாம் என்றும் அதே குறிப்பில் எழுதியிருந்தேன், போடவில்லை. 2024இல் அங்கே விளைச்சல் குறைந்து விலை ஏறியது. குறைந்த விலைக்கு ஒப்பந்தம் போட்டுக்கொடுத்த ஏற்றுமதிக்காரர்கள் பலர் சரக்கே அனுப்பவில்லை. முன்பணம் கட்டிய ஆலைக்காரர் ஒருவர் எங்கள் முதலாளியிடம் வந்து தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். அவர் போனதும் முதலாளி என் தோளில் தட்டி, "நீ அண்ணு சொன்னது எவ்வளவு சரி!" என்றார். நான் சொன்னது ஹவுதிகளைப் பற்றி. வந்தது விளைச்சல் குறைவு. திருத்த வாய் வரவில்லை. அந்த வருஷம் எனக்குச் சம்பளமும் கொஞ்சம் கூடியது.

போன வருஷம் ஜூனில் மறுபடி வந்தது. 2025 ஜூன் 13 அன்று இஸ்ரேல் ஈரானை அடித்தது, 22ஆம் தேதி பாரசீக வளைகுடா வாசலான ஹோர்முஸ் நீரிணையை அடைக்கலாம் என்று ஈரான் நாடாளுமன்றம் தீர்மானம் போட்டது. இந்தத் தடவை முதலில் ஃபைலை எடுத்தேன். துபாய்க்குப் போகிற பருப்பு இறங்குவது ஜெபல் அலி துறைமுகத்தில். ஜெபல் அலி ஹோர்முஸுக்கு உள்ளே இருக்கிறது. மெய்யாகவே எங்கள் சரக்கு போகிற வழி. முதலாளி இரண்டு தடவை என் மேசைப் பக்கம் வந்தார். "ஒண்ணும் எழுதித் தரல்லியா?"

"பாத்துட்டு இருக்கேன் முதலாளி."

பார்த்துக்கொண்டு இருக்கவில்லை. எழுதப் பயமாக இருந்தது. எழுதினால் அவர் அடுத்து எங்கே கைவைப்பார் என்று தெரியும். 24ஆம் தேதி சண்டை நின்றது, கன்டெய்னரும் போய்ச் சேர்ந்தது. "பாத்தியா, மிண்டாம இருந்தா தன்னால சரியாவும்" என்று முதலாளி சிரித்தார். என்னவோ நான் யோசித்து முடிவெடுத்தது போல. கப்பல் நடுவழியில் மாட்டியிருந்தால் 2020இல் கேட்ட அதே கேள்வியைத்தான் கேட்டிருப்பார், அதுவும் நியாயமாக.

அன்று சாயங்காலம் வாசலில் அந்த அக்கா நின்றார்.

"நாளெ வேல உண்டா சாரே?"

உண்டு என்றேன்.

"சனியாச்ச வரைக்கும் உண்டா?"

முதலாளியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.