முதல் ஒரு மணி நேரம்தான் கண்டம்

பதின்வயதினருக்கான ஃபேன்டசி நாவலை ஆடியோவில் கேட்பவர்கள் பாதியில் விடுவதற்குப் பெரும்பாலும் கதை காரணமில்லை. யார் பேசுகிறார்கள் என்பது பிடிபடாமல் போவதுதான். இரண்டு மூன்று நாயகிகள் ஆளுக்கொரு அத்தியாயமாக "நான், நான்" என்று கதை சொல்வார்கள். புத்தகமென்றால் அத்தியாயத்தின் தலையில் பெயர் இருக்கும். சந்தேகம் வந்தால் புரட்டிப் பார்க்கலாம். ஆடியோவில் அந்தப் பெயர் ஒரே ஒரு முறைதான் வரும். அந்த நொடி பார்த்து மதுரை பெரியார் பஸ் ஸ்டாண்டில் ஒரு ஹாரன் அடித்தால் போச்சு. பேசுவது இளவரசியா, திருடியா என்று தெரியாமலே பத்து நிமிடம் ஓடிவிடும்.

ஆகவே முதல் ஒரு மணி நேரத்தை வீட்டில், சாதாரண வேகத்தில் கேளுங்கள். கையில் ஒரு துண்டுச் சீட்டு. பெயரைக் காதில் விழுந்தபடி தமிழிலேயே எழுதி, பக்கத்தில் ஓர் அடையாளம்: "வில், தங்கச்சி உண்டு", "தீ மந்திரம், பொய் சொல்வாள்". எட்டுப் பெயர் போதும். காவலாளிகளை எழுத வேண்டாம், அவர்கள் எப்படியும் நாலாம் அத்தியாயத்தைத் தாண்டுவதில்லை. சில ஆடியோ புத்தகங்களோடு வரைபடம் பிடிஎஃப் ஆக வரும். அதை போனில் திறந்து ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

மதுரைக்காரர்களுக்கு இன்னொரு தடுமாற்றம் உண்டு. சித்திரைத் திருவிழாவில் மீனாட்சிக்கு எட்டாம் நாளே பட்டாபிஷேகம், ஒன்பதாம் நாள் திக்விஜயம், அதற்குப் பிறகுதான் கல்யாணம். நம் ராணி முடிசூடிவிட்டுத்தான் படையெடுப்பாள். இந்த நாவல்களில் வரிசை பெரும்பாலும் தலைகீழ்: நாயகி ஒன்றுமில்லாதவளாகத் தொடங்குவாள், கிரீடம் கடைசியில். "இவளா நாயகி?" என்று இரண்டாம் அத்தியாயத்திலேயே கைவிட்டுவிடாதீர்கள்.

வாங்குமுன் சாம்பிளை ஐந்து நிமிடம் கேளுங்கள். வர்ணனையை விடுங்கள், இரண்டு பெண்கள் சண்டை போடும் இடம் கிடைக்கிறதா பாருங்கள். "என்றாள்" வருவதற்கு முன்பே ஆள் யாரென்று தெரிந்தால் நல்ல வாசிப்பு. கோபம் வந்தாலே கீச்சென்று கத்தும் குரலில் வீராங்கனைகூட அடம்பிடிக்கும் குழந்தைபோல் ஆகிவிடுவாள். பத்து மணி நேரம் அதைத் தாங்க முடியாது.

ஒரு லட்சம் சொல் நாவல் சுமார் 11 மணி நேரம். 1.25 வேகத்தில் 8 மணி 48 நிமிடம். வைகை எக்ஸ்பிரஸில் சென்னை போய் இறங்கும்போது கடைசிப் போர் மட்டும் மிச்சமிருக்கும். 1.5 வேண்டாம், மந்திரப் பெயர்கள் நசுங்கிவிடும். 64 கேபிபிஎஸ் ஒலித் தரத்தில் ஒரு மணி நேர ஆடியோவுக்கு 29 எம்பி, முழுப் புத்தகமும் 320 எம்பிக்குள் அடங்கும். ஆரப்பாளையத்தில் கொடைக்கானல் பஸ் ஏறுமுன் டவுன்லோடை முடித்துவிடுங்கள். மலை வளைவுகளில் சிக்னல் வந்து வந்து போகும்.

இரவில் கேட்பவர்கள் ஸ்லீப் டைமரை 20 நிமிடத்தில் வையுங்கள். "அத்தியாய முடிவு வரை" என்பதைத் தொடாதீர்கள். சில அத்தியாயங்கள் 50 நிமிடம் ஓடும். தூங்கிவிட்டால் துரோகம் செய்தது எவள் என்று தேடி மறுநாள் காலையில் முப்பது முப்பது நொடியாகப் பின்னால் தட்டிக்கொண்டிருக்க வேண்டும்.