எல்லை இல்லாததும் முடிவில்லாததும்

பல ஆண்டுகளாக என் மனத்தில் ஒரு படம் இருந்தது. கும்மிருட்டான ஒரு வெட்டவெளி. அதன் நடுவில் ஒரு புள்ளி வெடிக்கிறது. துண்டுகள் நாலாபக்கமும் சிதறிப் பறக்கின்றன. முன்னால் பறக்கும் துண்டுகள் எங்கே இருக்கின்றனவோ அதுதான் பேரண்டத்தின் விளிம்பு. பெருவெடிப்பு என்ற சொல்லே இந்தப் படத்தைக் கையோடு கொண்டுவந்துவிடுகிறது. பேரண்டம் எதற்குள் விரிகிறது என்று யாரேனும் கேட்டால், அந்த இருட்டுக்குள்தான் என்று நானும் சொல்லியிருக்கிறேன். அந்தப் பதில் தவறு என்று தெரிந்த நாள்முதல் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. விளிம்பு உண்டா, அல்லது முடிவிலியா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும்போதே கேள்வி பிழைபட்டுவிடுகிறது என்பது விளங்க எனக்கு இன்னும் நெடுநாள் பிடித்தது.

நமக்கு உறுதியாகத் தெரிந்த எல்லை ஒன்றுதான். அது பார்வையின் எல்லை. பெருவெடிப்பு நிகழ்ந்து ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டுகள் ஆகின்றன என்பதால், எந்த ஒளியும் நம்மை வந்து சேர அதற்குமேல் காலம் கிடைத்ததில்லை. ஆனால் ஒளி வந்துகொண்டிருந்தபோதே அது கடந்த வழியும் நீண்டுகொண்டே போனதால், அதை அனுப்பிய இடங்கள் இன்று 1,380 கோடி ஒளியாண்டுகளுக்கு வெகு அப்பால் இருக்கின்றன. ஆர்னோ பென்சியாஸும் ராபர்ட் வில்சனும் 1964இல் தங்கள் அலைவாங்கியில் எவ்வளவு முயன்றும் நீக்க முடியாத இரைச்சலாகக் கண்ட நுண்ணலைப் பின்னணிதான் நமக்கு எட்டும் மிகப் பழைய ஒளி. பெருவெடிப்புக்குச் சுமார் 3,80,000 ஆண்டுகளுக்குப் பின், பேரண்டத்தை நிறைத்திருந்த வாயு ஏறக்குறைய 3,000 கெல்வின் அளவுக்குக் குளிர்ந்து தெளிந்தபோது அது புறப்பட்டது. அப்போது அந்த வாயு நாம் இருக்கும் இடத்திலிருந்து ஏறத்தாழ 4.2 கோடி ஒளியாண்டுத் தொலைவில்தான் இருந்தது. அதன்பின் வெளி சுமார் 1,100 மடங்கு விரிந்துவிட்டது. அந்த இடம் இன்று 4,600 கோடி ஒளியாண்டுத் தொலைவில் இருக்கிறது; ஒளியோ இழுபட்டு இழுபட்டு 2.7 கெல்வின் குளிராக நம்மை வந்தடைகிறது.

இந்த எல்லையைத் தொடுவானத்தோடு ஒப்பிடுவதே பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது. வானம் கடலைத் தொடுவதாகத் தோன்றும் கோட்டுக்குப் படகில் போனால் அங்கே கடல் முடிந்திருப்பதில்லை. அங்கிருப்பவருக்கு அவரை நடுவாகக் கொண்ட வேறொரு தொடுவானம் தெரியும். அதுபோலவே, 4,600 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் இன்று ஒருவர் நின்று நம் திசையில் பார்த்தால், நாம் இருக்கும் இந்த இடம் சூரியனோ பூமியோ உருவாகாத, கொதிக்கும் வாயுவாகவே அவருக்குத் தெரியும். நாம் அவருடைய எல்லையில் இருக்கிறோம். ஆனால் நாம் எந்த விளிம்பிலும் நிற்கவில்லை என்பது நமக்குத் தெரியுமல்லவா?

அப்படியானால் உண்மையான விளிம்பு, அதாவது வெளி என்பதே முடிந்துவிடும் ஓர் இடம், எங்காவது இருக்க முடியுமா? கிரேக்கச் சிந்தனையாளர் ஆர்க்கிட்டாஸ் இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கும் முன்பே இதைக் கேட்டார். விளிம்பில் நிற்கும் ஒருவரால் தம் கைத்தடியை அப்பால் நீட்ட முடியுமா, முடியாதா? முடியும் என்றால் அப்பாலும் இடம் இருக்கிறது. முடியாது என்றால் தடுக்கும் ஏதோ ஒன்று அங்கே இருக்கிறது. ஆகவே பேரண்டம் முடிவற்றது என்று அவர் முடிவு செய்தார். விளிம்பு இல்லை என்பதற்கு இந்த வாதம் வலுவானது. ஆனால் விளிம்பு இல்லை என்பதிலிருந்து முடிவும் இல்லை என்று தாவும் அந்தக் கடைசி அடியில்தான் அது சறுக்குகிறது.

நம் மொழியிலும் அதே சறுக்கல் ஒளிந்திருக்கிறது. எல்லையற்றது என்று நாம் எழுதும்போது, கரை இல்லாதது என்ற பொருளையும் அளவில் முடிவே இல்லாதது என்ற பொருளையும் ஒரே சொல்லில் ஏற்றிவிடுகிறோம். இவை இரண்டும் வெவ்வேறு என்பதை 1854இல் ஆற்றிய ஓர் உரையில் ஜெர்மானியக் கணிதவியலாளர் பெர்ன்ஹார்ட் ரீமான் தெளிவாகப் பிரித்துக் காட்டினார். பூமியின் மேற்பரப்பை நினைத்துக்கொண்டால் போதும்: அதன் பரப்பளவு வரையறுக்கப்பட்டது, எனினும் எங்கு நடந்தாலும் ஓரம் வராது. இரு பரிமாணப் பரப்புக்கு இயல்வது முப்பரிமாண வெளிக்கும் இயலும் என்பதால், 1917இல் ஐன்ஸ்டைன் முன்வைத்த முதல் பேரண்ட மாதிரியும் இத்தகையதாகவே, அளவு உடையதாகவும் விளிம்பு இல்லாததாகவும் இருந்தது. அந்த மாதிரி விரியவில்லை. விரியும் பேரண்டத்துக்கான தீர்வுகளை 1922இல் அலெக்சாந்தர் ஃபிரீட்மானும் 1927இல் ஜார்ஜ் லெமைத்தரும் கண்டறிந்தார்கள். தொலைவுக்கு ஏற்ப விண்மீன் மண்டலங்கள் விலகிச் செல்வதை 1929இல் எட்வின் ஹபிள் அளந்து காட்டினார்.

இங்கே, பலரையும் தடுக்கி விழவைக்கும் ஓர் ஐயத்தைச் சொல்லியாக வேண்டும். ஏற்கெனவே முடிவற்றதாக இருக்கும் ஒன்று மேலும் எப்படி விரியும்? எண்கோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள ஒவ்வோர் எண்ணையும் இரண்டால் பெருக்கினால் 1, 2, 3 இருந்தவை 2, 4, 6 ஆகிவிடும். அடுத்தடுத்த புள்ளிகளுக்கு இடையிலான தொலைவு இரட்டித்துவிட்டது. ஆனால் கோடு புதிதாக எந்த இடத்தையும் பிடிக்கவில்லை, ஏனெனில் அதற்கு வெளியே என்று ஒன்று இருந்ததே இல்லை. விரிதல் என்பது இதுதான்: உள்ளே இருப்பவற்றுக்கு இடையிலான தொலைவு வளர்வது. எதற்குள் விரிகிறது என்ற கேள்விக்கு இங்கே இடமே இல்லாமல் போகிறது. இதிலிருந்து இன்னொன்றும் தொடர்கிறது. முதன்முறை இதை உணர்ந்தபோது சற்று நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். பேரண்டம் இன்று முடிவற்றது என்றால், பெருவெடிப்பை எவ்வளவு நெருங்கிப் பின்னோக்கிச் சென்றாலும் அது முடிவற்றதாகவே இருந்திருக்க வேண்டும். ஒரு புள்ளியில் அடங்கியிருந்தது என்று நாம் சொல்வதெல்லாம் இன்று நமக்குத் தெரியும் பகுதிக்கு மட்டுமே பொருந்தும். பெருவெடிப்பு ஓரிடத்தில் நிகழவில்லை. எல்லா இடத்திலும் நிகழ்ந்தது.

சரி, வெளி வளைந்து தன்னையே மூடிக்கொண்டிருக்கிறதா என்பதை அளக்க முடியுமா? முடியும். நுண்ணலைப் பின்னணியில் உள்ள சூடான, குளிர்ந்த திட்டுகளின் உண்மை அளவு என்னவாக இருக்க வேண்டும் என்பதை இயற்பியலால் கணக்கிட முடிகிறது. வெளி தட்டையாக, அதாவது எந்த வளைவும் இல்லாமல், இருந்தால் அவை வானில் ஏறக்குறைய ஒரு பாகை, அதாவது முழுநிலவின் விட்டத்தைப் போல் இரு மடங்கு, அகலமாகத் தெரிய வேண்டும். மூடிய வளைவு இருந்தால் பெரிதாகவும், குதிரைச் சேணத்தைப் போன்ற எதிர்வளைவு இருந்தால் சிறிதாகவும் தெரியும். 1998இன் இறுதியில் அண்டார்க்டிகாவின் மேல் பறந்த பூமராங் என்ற பலூன் ஆய்வு ஒரு பாகைக்கு மிக நெருக்கமான விடையைத் தந்தது. அதன்பின் டபிள்யூமேப், பிளாங்க் விண்கலங்கள் அதை மேலும் கூர்மையாக்கின. விரிதலைத் தீர்மானிக்கும் கணக்கில் வளைவின் பங்கு 0.5 விழுக்காட்டைத் தாண்டாது என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும், மூடிய பேரண்டத்தின் வளைவு ஆரம் 20,000 கோடி ஒளியாண்டுகளுக்குக் குறைய முடியாது. அதன் மொத்தக் கன அளவு நமக்குத் தெரியும் பகுதியைப் போல் ஏறக்குறைய 400 மடங்காவது இருந்தாக வேண்டும். இது குறைந்தபட்சக் கணக்கு மட்டுமே.

தட்டை என்ற விடை கிடைத்தவுடன், ஆகவே முடிவிலி என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. திரையின் வலப்பக்கம் வெளியேறினால் இடப்பக்கம் வந்து சேரும் பழைய கணினி விளையாட்டுகளைப் போல, தட்டையான வெளியும் தன்னோடு தானே ஒட்டிக்கொண்டு வரையறுக்கப்பட்ட அளவுடையதாக இருக்கலாம். அத்தகைய பேரண்டம் போதிய அளவு சிறிதாக இருந்தால், பின்னணி ஒளியில் வானின் இருவேறு திசைகளில் ஒரே வெப்பநிலை ஏற்றஇறக்கங்களைக் கொண்ட வட்டங்கள் இணை இணையாகத் தென்பட வேண்டும். டபிள்யூமேப் தரவுகளிலும் பிளாங்க் தரவுகளிலும் அவற்றைத் தேடினார்கள், கிடைக்கவில்லை. நம் பார்வை எல்லையைவிடச் சிறிய பேரண்டங்கள் பெரும்பாலும் இதனால் விலக்கப்பட்டுவிட்டன. பெரியவை அப்படியே நிற்கின்றன.

என்னை மிகவும் பாதிக்கும் செய்தி இதன் பின்னால் இருக்கிறது. பேரண்டம் அளவுடையது என்பதை நிறுவ ஒரே ஒரு நல்ல அளவீடு, ஒரே ஓர் இணை வட்டம் போதும். முடிவற்றது என்பதை நிறுவவோ எந்த அளவீடும் போதாது, ஏனெனில் ஒவ்வோர் அளவீட்டிலும் சிறிதளவு பிழை இருக்கும். அந்தப் பிழைக்குள் மாபெரும் மூடிய பேரண்டம் ஒன்று எப்போதும் அடங்கிவிடும். கருவிகளை மேம்படுத்தி இதை முழுவதும் சரிசெய்துவிடவும் இயலாது. நாம் இருக்கும் பகுதியிலேயே பொருள் சற்றே கூடியும் குறைந்தும் பரவியிருப்பதால், பத்தாயிரத்தில் ஒரு பங்குக்குக் கீழான வளைவு தென்பட்டால், அது பேரண்டத்தின் வளைவா, நம் அண்டையின் மேடுபள்ளமா என்று பிரித்தறிய வழி இருக்காது. காத்திருந்தாலும் பெரிதாகப் பயன் இல்லை. விரிதல் வேகமெடுத்துக்கொண்டிருப்பதை 1998இல் கண்டறிந்தார்கள்; அதனால், சுமார் 1,700 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பாலிருந்து இன்று புறப்படும் ஒளி எந்நாளும் நம்மை வந்தடையாது. அங்கிருக்கும் விண்மீன் மண்டலங்களின் பழைய ஒளி இன்னும் வந்துகொண்டிருக்கிறது, அதை நாம் இப்போதும் பார்க்கிறோம். இன்று அங்கே என்ன நடக்கிறது என்பதை மட்டும் இனி ஒருபோதும் பார்க்க மாட்டோம்.